துப்பறியும் நாவலாசிரியரும் வாசிப்பு மேடையும்

எழுதிய நூலை ஆசிரியரே அவையோர் முன்னிலையில் எடுத்துரைக்கும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியனின் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறிய செய்தியை அந்நூலின் சிறப்புப் பாயிரம் நமக்குக் கூறுகிறது. அரங்கேற்றம் என்பது நூலுக்கு எடுக்கும் விழா மட்டுமன்று. நூலுக்கு வைக்கும் தேர்வுமாகும். அவையோர் ஐயம் எழுப்புவர். ஆசிரியர் விடை பகர்வார். செவி வழியாகச் சென்று நெஞ்சில் நிற்கும் ஆற்றல் அந்நூலுக்கு உண்டா என்பது அங்கே தெரிந்துவிடும்.

மேலைநாடுகளில் இன்று பரவலாகக் காணப்படும் ஆசிரியர் வாசிப்பு நிகழ்ச்சிகளை இவ்வரங்கேற்றத்தின் தூரத்து உறவு எனலாம். புதிய நூல் வெளிவந்ததும் ஆசிரியர் ஊர் ஊராகச் சென்று, புத்தகக் கடைகளிலும் நூலகங்களிலும் கூடியிருப்போர் முன் நூலின் ஒரு பகுதியைப் படிக்கிறார்; வினாக்களுக்கு விடையளிக்கிறார்; நூலை வாங்கியோர்க்குக் கையொப்பமிட்டுத் தருகிறார். கவிஞர்க்கு இதில் இடர்ப்பாடு இல்லை. ஒரு கவிதையை முழுமையாகவே படித்துவிடலாம். சமூக நாவல் எழுதுவோர் எந்த அத்தியாயத்தை எடுத்துப் படித்தாலும் நூலுக்குப் பெரும் கேடு நேர்வதில்லை. ஆனால் துப்பறியும் நாவலாசிரியரின் நிலை என்ன? அவர் எதிரே மூவகையினர் அமர்ந்திருக்கின்றனர்: நூலைப் படித்து முடித்தவர், பாதி படித்தவர், இன்னும் தொடாதவர். முதல் வகையினர்க்கு உவப்பானதைப் பேசினால் மற்ற இரு வகையினர்க்கும் நூல் பாழாகும். கொலையாளி யார் என்பதை மறைத்து வைத்தலே நூலின் உயிர்நிலையாக இருக்க, அந்நூலைப் பலரறியப் படித்துக் காட்டுவது எங்ஙனம்?

இவ்வினாவே இக்கட்டுரைக்கு அடிப்படை. முடிவைச் சொல்ல இயலாத அம்மேடைதான் துப்பறியும் நாவலின் இலக்கியத் தகுதியை அறிவதற்குரிய உரைகல்களுள் ஒன்று என்பது என் கருத்து. முடிவை நீக்கிய பின் எஞ்சுவது யாது? நடையும், பாத்திரப் படைப்பும், சூழலை எழுப்பும் சொல்லாற்றலும் ஆகும். இவை இருக்குமாயின் அவை கட்டுண்டு கிடக்கும். இல்லையாயின், எத்துணைத் திறமையான சூழ்ச்சி கதையில் இருப்பினும் அவையோர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவர். இதற்குச் சான்றுகளை வரலாற்றிலிருந்து காண்போம்.

டிக்கன்ஸ்: அறிந்த கொலையும் அறியாத மர்மமும்

சார்லஸ் டிக்கன்சைத் துப்பறியும் நாவலாசிரியர் வரிசையில் வைப்பது சிலர்க்கு வியப்பளிக்கலாம். ஆயினும், 1852, 1853ஆம் ஆண்டுகளில் வெளிவந்த 'பிளீக் ஹவுஸ்' நாவலில் அவர் படைத்த இன்ஸ்பெக்டர் பக்கெட், ஆங்கில நாவலில் தோன்றிய தொடக்ககாலத் துப்பறிவாளருள் ஒருவர். டிக்கன்ஸ் இறுதியாக எழுதிய 'எட்வின் ட்ரூட்டின் மர்மம்' தலைப்பிலேயே மர்மத்தைத் தாங்கி நிற்கிறது. எழுத்தாளர் வாசிப்பைப் பெருங்கலையாக வளர்த்தவரும் அவரே. 1853ஆம் ஆண்டு பர்மிங்ஹாம் நகரில் அறநிதிக்காகத் தம் கதையைப் படித்தவர், 1858ஆம் ஆண்டு முதல் கட்டணம் பெற்றுப் படிக்கலானார். வாழ்நாளில் நானூறுக்கும் மேற்பட்ட முறை அவர் மேடையேறினார்.

அவருடைய வாசிப்புகளுள் பெரும் புகழும் பெரும் பழியும் ஒருங்கே பெற்றது, 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலில் சைக்ஸ் என்னும் கொடியவன் நான்சி என்னும் பெண்ணைக் கொலை செய்யும் பகுதியாகும். 1868ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், லண்டன் செயின்ட் ஜேம்ஸ் மண்டபத்தில் அழைக்கப்பட்ட நண்பர்கள் முன்னிலையில் அதனை முதன்முதலாகப் படித்துச் சோதித்தார். 1869ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பொதுமக்கள் முன் படிக்கத் தொடங்கினார். கிளிஃப்டன் என்னும் ஊரில் பெண்கள் பலர் மயங்கி, வெளியே தூக்கிச் செல்லப்பட்டனர் என்று டிக்கன்சே தம் கடிதத்தில் குறிப்பிட்டுள்ளார்.

இங்கே நாம் ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். 'ஆலிவர் ட்விஸ்ட்' வெளிவந்து அப்போது முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. கொன்றவன் யார், மாண்டவள் யார், கொலைஞனின் கதி என்ன என்பனவெல்லாம் கேட்போரில் பெரும்பாலோர் அறிந்தவையே. மறைக்கப்பட்ட செய்தி ஒன்றுகூட இல்லை. இருந்தும் அவை நடுங்கியது. அப்படியாயின், அச்சமும் எதிர்பார்ப்பும் அறியாமையிலிருந்து மட்டும் பிறப்பன அல்ல. சொல்லிலிருந்தும் குரலிலிருந்தும் பிறப்பன என்பது தெளிவாகிறது. டிக்கன்ஸ் தாம் படிப்பதற்கென்றே தனிப்படிகள் அச்சிட்டுக்கொண்டார். தேவையற்ற வரிகளை அடித்தார். எங்கே கை நீட்டுவது, எங்கே குரல் தாழ்த்துவது என்று ஓரங்களில் குறித்து வைத்தார். முன்பே புகழ்பெற்றிருந்த தம் எழுத்தை மேடைக்காக மீண்டும் செப்பம் செய்த அவ்வுழைப்பு நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

அவ்வுழைப்புக்கு அவர் கொடுத்த விலையும் பெரிது. 1869ஆம் ஆண்டு ஏப்ரலில் அவர் உடல்நிலை சீர்கெட, மருத்துவர்கள் அச்சுற்றுப்பயணத்தை நிறுத்தினர். 1870ஆம் ஆண்டு லண்டனில் நடந்த பிரியாவிடை வாசிப்புகளின்போது மருத்துவர் உடனிருந்து நாடித்துடிப்பைக் கணக்கெடுத்தார். வழக்கமாக 72 ஆக இருந்த துடிப்பு, நான்சியின் கொலையைப் படித்து முடிக்கையில் நூற்றைக் கடந்து சென்றது. மார்ச்சு 15ஆம் நாள் இறுதி வாசிப்பு நிகழ்ந்தது. அவையினரிடம் விடைபெறுகையில், இன்னும் இரு வாரங்களில் உங்கள் இல்லங்களிலேயே என் புதிய வாசிப்பு தொடங்கும் என்னும் பொருள்பட அவர் பேசினார். அவர் குறிப்பிட்டது 'எட்வின் ட்ரூட்டின் மர்மம்' நாவலின் முதற்பகுதியையே ஆகும். இல்லத்தில் ஒருவர் படிக்க ஏனையோர் சூழ்ந்திருந்து கேட்ட காலம் அது. எனவே அம்மர்ம நாவலை அச்சில் வரும் வாசிப்பு மேடையாகவே அவர் கருதினார் என்பதில் ஐயமில்லை.

பன்னிரண்டு மாதப் பகுதிகளாகத் திட்டமிட்ட அந்நாவலில் ஆறு பகுதிகளுக்குரிய எழுத்தே முடிந்திருந்தது. 1870ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள் டிக்கன்ஸ் மறைந்தார். விக்டோரியா பேரரசியார் விரும்பினால், கதையின் போக்கை மற்றையோர்க்கு முன்னதாகவே அவருக்குத் தெரிவிக்க டிக்கன்ஸ் முன்வந்திருந்தார். அரசியார் அவ்வாய்ப்பை ஏற்கவில்லை. ஆக, அறிந்த கொலையைப் படித்துப் படித்து நலிந்தவர், அறியாத மர்மம் ஒன்றை முடிவு சொல்லாமலே விட்டுச் சென்றார்.

இதற்கோர் அழகிய பின்னுரையும் உண்டு. 1914ஆம் ஆண்டு ஜனவரியில், டிக்கன்ஸ் அன்பர்கள் லண்டனில் ஒரு மேடை வழக்காடு மன்றம் கூட்டினர். அந்நாவலின் பாத்திரமான ஜான் ஜாஸ்பர் குற்றவாளியா என்பது வழக்கு. துப்பறியும் கதைகளைத் தாமே எழுதிய ஜி. கே. செஸ்டர்டன் நீதிபதியாக அமர்ந்தார். பெர்னார்ட் ஷா நடுவர்குழுத் தலைவர். விசாரணை நகைச்சுவையிலேயே முடிந்தது. நீதிபதி தம்மைத் தவிர ஏனையோர் அனைவரும் நீதிமன்றத்தை அவமதித்ததாகத் தீர்ப்பளித்தார்! முடிவே இல்லாத ஒரு மர்மக்கதை நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின்னும் ஓர் அரங்கை ஈர்த்தது. முடிவு ஒன்றே மர்ம நாவலின் பயன் என்பார்க்கு இந்நிகழ்ச்சி தக்க மறுமொழியாகும்.

காலின்சும் டாயிலும்

டிக்கன்சின் நண்பர் வில்கி காலின்ஸ், கதைப்பின்னலில் ஈடு இணையற்றவர். 'வெள்ளையுடைப் பெண்', 1868ஆம் ஆண்டில் வந்த 'சந்திரகாந்தக் கல்' ஆகியவை இன்றும் துப்பறியும் நாவலின் முன்னோடிகளாகப் போற்றப்படுகின்றன. அவரும் 1873, 1874ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் வாசிப்புப் பயணம் மேற்கொண்டார். தம் பழைய கதை ஒன்றை விரித்து, 'கனவுப் பெண்' என்னும் பெயரில் படித்தார். பாராட்டு ஒருபுறமிருக்க, குரல் எடுபடவில்லை என்றும், கதை குடும்பத்தார் கேட்கத் தகாதது என்றும் குறைகூறியோர் இருந்தனர். டிக்கன்ஸ் பெற்ற வெற்றியை அவர் பெறவில்லை. பின்னலின் நுட்பம் கண்ணுக்குரியது. பக்கத்தைப் பின்னோக்கிப் புரட்டிச் சரிபார்த்து மகிழ்வதற்குரியது. செவிக்கு அவ்வசதி இல்லை. காலின்சின் சிறப்பு எதில் இருந்ததோ, அதனை மேடை காட்டித்தரவில்லை.

ஆர்தர் கானன் டாயிலின் அனுபவம் வேறுவகைப்பட்டது. 1893ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த கதையில் அவர் ஷெர்லாக் ஹோம்சை அருவியில் வீழ்த்திவிட்டார். அடுத்த ஆண்டே அமெரிக்காவுக்குச் சொற்பொழிவுப் பயணம் சென்றார். தம்மை வரலாற்று நாவலாசிரியராக உலகம் மதிக்க வேண்டும் என்பது அவர் விழைவு. கேட்க வந்தோர்க்கோ ஹோம்சைப் பற்றிய ஆவலே மிகுதி. எடின்பரோவில் தமக்கு மருத்துவம் கற்பித்த டாக்டர் ஜோசப் பெல்லிடமிருந்து ஹோம்ஸ் எவ்வாறு உருவானார் என்பது அவர் திரும்பத் திரும்பச் சொல்ல நேர்ந்த செய்தி. மக்கள் நெஞ்சில் நின்றது இந்தக் கதையின் முடிவோ அந்தக் கதையின் சூழ்ச்சியோ அன்று; ஒரு மனிதனின் உருவம். அவ்வுருவத்தின் ஈர்ப்புக்கு ஆசிரியரே பணிய வேண்டியிருந்தது. பத்தாண்டுகள் கழியுமுன் ஹோம்ஸ் உயிர்பெற்று எழுந்ததை நாம் அறிவோம்.

மேடைக்குக் கூசிய அகதா கிறிஸ்டி

என் கருத்துக்கு எதிராக ஒருவர் எளிதில் எழுப்பக்கூடிய தடை அகதா கிறிஸ்டி. உலகில் மிகுதியாக விற்பனையான நாவலாசிரியர் என்று போற்றப்படும் அவர், கூட்டத்தைக் கண்டால் கூசுபவர். மேடைப்பேச்சை அறவே வெறுத்தவர். 1958ஆம் ஆண்டு, அவருடைய 'எலிப்பொறி' நாடகத்தின் சாதனையைக் கொண்டாட லண்டன் சவாய் ஹோட்டலில் விருந்து ஏற்பாடாகியிருந்தது. சற்று முன்னதாகவே வந்த கிறிஸ்டியை வாயிற்காப்போர் அடையாளம் காணாது தடுத்தனர். நான்தான் ஆசிரியர் என்று சொல்லவும் நாணி அவர் திரும்பிவிட்டார். இந்நிகழ்ச்சியைத் தம் தன்வரலாற்றில் அவரே எழுதியுள்ளார்.

மேடை ஏறாமலே இத்துணைப் புகழ் கிட்டுமாயின் வாசிப்பு எதற்கு என வினவலாம். இதற்கு இரண்டு விடைகள் உண்டு. முதலாவது, கிறிஸ்டியும் தம் எழுத்தை ஒருமுறை உலகறியப் படித்தவரே. 1930ஆம் ஆண்டு, துப்பறியும் எழுத்தாளர் அறுவர் ஆளுக்கொரு பகுதியாக எழுதிய தொடர்கதையைப் பிபிசி வானொலி ஒலிபரப்பியது. ஒவ்வொருவரும் தத்தம் பகுதியைத் தாமே படித்தனர். டோரதி சேயர்சும் கிறிஸ்டியும் அவருள் அடங்குவர். மர்மத்தை விடுவிக்குமாறு நேயர்களுக்குப் போட்டியும் வைக்கப்பட்டது. கண்முன் நிற்கும் கூட்டத்திற்கு அஞ்சியவர், கண்ணுக்குத் தெரியாத பெருங்கூட்டத்திற்குப் படித்துக் காட்டினார்!

இரண்டாவது விடை 'எலிப்பொறி'யிலேயே உள்ளது. 1952ஆம் ஆண்டு நவம்பரில் லண்டனில் தொடங்கிய அந்நாடகம், 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் நிறுத்தப்பட்டு 2021இல் மீண்டும் தொடர்ந்தது. ஒவ்வொரு காட்சியின் முடிவிலும், கொலையாளி யார் என்பதை வெளியே சொல்ல வேண்டா என்று நடிகர் அவையினரை வேண்டிக்கொள்வது மரபு. முன்பின் அறியாத மாந்தர் ஒரு மண்டபத்தில் கூடி ஒரு மறைபொருளைத் தம்முள் பங்கிட்டுக்கொள்கின்றனர். இத்தகைய உடன்பாடு வேறெந்த இலக்கிய வகையிலும் இவ்வளவு வெளிப்படையாகக் காணப்படுவதில்லை. புத்தகக் கடை வாசிப்பிலும் இதே உடன்பாடுதான் நிலவுகிறது.

புத்தகக் கடை அரங்கு

துப்பறியும் நூல்களுக்கென்றே தனிக்கடைகள் தோன்றியமை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிகழ்ந்த மாற்றம். நியூயார்க் நகரில் 1972ஆம் ஆண்டு 'மர்டர் இங்க்' என்னும் கடை திறக்கப்பட்டது. 1979ஆம் ஆண்டு ஓட்டோ பென்ஸ்லர் அதே நகரில் 'மிஸ்டீரியஸ் புக் ஷாப்'பை நிறுவினார். லண்டன் சேரிங் கிராஸ் சாலையில் 1988ஆம் ஆண்டு தொடங்கிய 'மர்டர் ஒன்' கடை 2009ஆம் ஆண்டு மூடப்பட்டது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 1989ஆம் ஆண்டு தோன்றிய 'பாய்சன்ட் பென்' கடையும் ஆசிரியர் சந்திப்புகளுக்குப் பெயர்பெற்றது.

இத்தகைய கடைகளில் அரங்கு அமையும் விதம் எளிமையானது. அலமாரிகளுக்கிடையே நாற்காலிகள் போடப்படும். கடைக்காரர் அறிமுகம் செய்வார். ஆசிரியர் சில பக்கங்களைப் படிப்பார். பெரும்பாலும் அது முதல் அத்தியாயமாகவே இருக்கும். முன்கதை சொல்ல வேண்டியதில்லை, மறைபொருளும் வெளிப்படாது என்பதே காரணம். பின்னர் வினா விடை, அதன்பின் கையொப்பம். கையொப்பமிட்ட முதற்பதிப்பைத் தேடி வாங்குவோர் பலர் உள்ளமையால் சிறு கடைகளுக்கு இது பிழைப்புக்கும் துணையாகிறது.

கேட்போர் எழுப்பும் வினாக்களுள் ஒன்று திறனாய்வு நோக்கில் மிகவும் உயர்ந்தது: எழுதத் தொடங்கும்போதே முடிவு உங்களுக்குத் தெரியுமா? துப்பறியும் சிறுகதையை 1841ஆம் ஆண்டில் தோற்றுவித்த எட்கர் ஆலன் போ, முடிவைக் கண்முன் நிறுத்திக்கொண்டே படைப்பைத் தொடங்க வேண்டும் என்று 1846ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில் வாதிட்டார். அவர் வழி நிற்பாரும் உளர். எழுத எழுதத்தான் கொலையாளியை நானே கண்டுபிடித்தேன் என்பாரும் உளர். கதைக்கட்டு என்பது என்ன என்று பாடநூல்கள் பல பக்கங்களில் விளக்குவதை, கடையொன்றில் அமர்ந்த சாதாரண வாசகர் ஒரே வினாவில் தொட்டுவிடுகிறார். அரங்கேற்ற அவையின் சாயல் இங்கேதான் தெரிகிறது.

குறைகளையும் மறைத்தலாகாது. வணிக நோக்கம் மேலோங்கும்போது, படிப்பு ஐந்து மணித்துளிகளாகச் சுருங்கிக் கையொப்ப வரிசை ஒரு மணி நேரமாக நீள்கிறது. குரல் வளம் இல்லாத நல்லாசிரியர் பின்தள்ளப்படுகிறார். காலின்சுக்கு நேர்ந்தது இதுவே. குரல் வளம் மிக்கவரோ நூலைவிடத் தாமே பெரியவராகிவிடுகிறார். டிக்கன்சின் மேடையை நாம் வியக்கும் அதே வேளையில், அம்மேடை அவர் பேனாவை எத்தனை மாதங்கள் ஓயவைத்தது என்பதையும் எண்ண வேண்டும். எனவே மேடை ஓர் உரைகல்லே ஒழிய, அதுவே தராசு ஆகாது.

நமக்குரிய பாடம்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நாம் நடத்தும் நூல் வெளியீட்டு விழாக்களை இந்நோக்கில் சற்றே எண்ணிப் பார்ப்போம். தமிழ் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள், நூலாய்வுரை, பொன்னாடை, முதல் நூல் பெறுதல் என நிகழ்ச்சி நிரல் நீள்கிறது. ஆசிரியர்க்கு இறுதியில் ஏற்புரை. அதுவும் நன்றி கூறுவதிலேயே முடிந்துவிடுகிறது. இரண்டு மணி நேர விழாவில் அந்நூலின் ஒரு பக்கமேனும் அவையோர் செவியில் விழுவதுண்டா? பெரும்பாலும் இல்லை. நூல் வெளிவந்தது என்பதை அறிகிறோம். நூல் எப்படிப்பட்டது என்பதை அறியாமலே உறையைக் கையிலேந்தி வீடு திரும்புகிறோம்.

இதனைக் குறைகூறும்போது நாம் நடுநிலை பிறழ்தல் கூடாது. நம் எழுத்தாளர்கள் பலர் தம் கைப்பொருளைச் செலவிட்டே நூலை அச்சிடுகின்றனர். கடைகள் வழியாக நூல் விற்பனையாகும் வாய்ப்புக் குறைவு. முதல் நூல் பெறுவோர் தரும் அன்பளிப்பே அச்சுக் கடனைத் தீர்க்க உதவுகிறது. ஆகவே பொன்னாடையையும் முதல் நூலையும் ஒழிக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. வாழ்த்துரைகளில் ஒன்றைக் குறைத்து, அந்தக் கால்மணி நேரத்தை ஆசிரியரின் வாசிப்புக்கு ஒதுக்குங்கள் என்பதே வேண்டுகோள். மூன்று பக்கம் படிக்கட்டும். மூன்று வினா எழட்டும். தம் வரிகளைத் தாமே உரக்கப் படிக்க நேரும் என்று அறிந்த எழுத்தாளர், அச்சுக்கு அனுப்புமுன் அவற்றை இன்னொரு முறை திருத்துவார். அவர் நடைக்கு இதைவிடச் சிறந்த ஆசான் கிட்டுவது அரிது.

தமிழாசிரியர்களும் இதனை வகுப்பறையில் செய்து பார்க்கலாம். துப்பறியும் கதை என்றால் வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது நம் வழக்கம். ஒரு நல்ல துப்பறியும் கதையின் முதல் இரண்டு பக்கங்களை மாணவர்க்கு நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டுங்கள். அங்கேயே நூலை மூடிவிடுங்கள். கொலையாளி யார் என்று கேட்க வேண்டா. எந்தச் சொல்லைக் கேட்டபோது அச்சம் பிறந்தது, எந்த வாக்கியத்தில் ஐயம் முளைத்தது, ஆசிரியர் சொல்லாமல் விட்டது எது என்று கேளுங்கள். அம்மாணவர் இலக்கியத் திறனாய்வின் முதற்படியில் தம்மையறியாமலே கால் வைத்திருப்பார். மறுநாள், எஞ்சிய பகுதி எங்கே கிடைக்கும் என்று அவர் நூலகத்தில் வினவுவாராயின், ஆசிரியரின் வாசிப்பு பயன் தந்தது என்று துணிந்து கூறலாம்.